கப்பலில் வந்த ஓட்டல்! மும்பை இரும்பு கட்டிடம் தள்ளாடுவது ஏன்?

மும்பை, காலா கோடா பகுதியில் 5 மாடி கட்டிடம் ஒன்று முட்டுக்கொடுத்த நிலையில் நிற்பதை பலரும் பார்த்திருப்பீர்கள். 'எஸ்பிளனேடு மேன்ஷன்' என்று போர்டு. அதன் பழைய பெயர் வாட்சன் ஓட்டல்.

ஜான் வாட்சன் என்ற ஆங்கிலேய ஜவுளி வியாபாரி 1860-களின் கடைசியில் கட்டியது. வடிவமைத்தவர் ஆர்டிஷ். பின்னாளில் லண்டன் ஆல்பர்ட் பாலத்தை உருவாக்கிய அதே இன்ஜினீயர்தான். தூண், உத்தரம் எல்லாம் இங்கிலாந்தில் செய்து, கப்பலில் ஏற்றி வந்து, இங்கே மாட்டினார்கள். இன்றும் நிற்கும் நம் நாட்டு வார்ப்பிரும்பு கட்டிடங்களில் இதுதான் மிகப் பழமையானது என்கிறார்கள்.

பந்தல் மாதிரி

அந்தக்கால வீடுகளில் சுவர்தான் மாடியை தாங்கும். இங்கே கதையே வேறு. கல்யாண பந்தலில் முதலில் கால் ஊன்றி, கட்டை கட்டி, அப்புறம் தட்டி அடைப்போம் இல்லையா? அதுபோல இரும்பு கூட்டை நிறுத்திவிட்டு, இடையில் செங்கல்லை அடைத்திருக்கிறார்கள். முழு பாரமும் இரும்பு மேலேதான். இன்றைய அடுக்குமாடிகளின் தாத்தா என்றே சொல்லலாம்.

1896-ம் ஆண்டு ஜூலை 7-ந்தேதி லூமியர் சகோதரர்களின் சினிமா, இந்தியாவில் முதன்முதலாக காட்டப்பட்டது இந்த ஓட்டலில்தான். டிக்கெட் 1 ரூபாய்.

எலும்பில் நோய்

ஓட்டல் மூடப்பட்ட பிறகு அறை அறையாக தடுத்து வாடகைக்கு விட்டார்கள். வக்கீல் ஆபீஸ், கடை என்று கூட்டம் பெருகியது. பராமரிப்புதான் இல்லை.

கடல் காற்றும் மழையும் பட்டு இரும்பு துருப்பிடிக்கும். துரு உப்பும்போது பக்கத்து செங்கல் பிளக்கும். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது, பட்டென்று உடையும். 2005-ம் ஆண்டு பால்கனி இடிந்து விழுந்ததில் ஒருவர் பலியானார்.

2019-ம் ஆண்டு கோர்ட்டு உத்தரவுப்படி எல்லோரும் காலி செய்யப்பட்டனர். பல வருஷமாக அங்கேயே பிழைப்பு நடத்தியவர்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள். கட்டிடத்தை இடிக்கணும் என்று ஐ.ஐ.டி. நிபுணர்கள் அறிக்கை கொடுத்தனர். சரி செய்ய முடியும் என்று பாரம்பரிய கட்டிட நிபுணர்கள் வாதாடினர்.

மேலே சிமெண்டு பூசி பெயிண்ட் அடித்தால் இந்த கட்டிடம் பிழைக்காது. நோய் எலும்பில் இருக்கிறது. வைத்தியமும் அங்கேதான் நடக்கணும்.