துறைமுகக் குமாஸ்தாவும் நாமகிரித் தாயாரும்
சாமி சொன்ன கணக்கு சரியா, தப்பா?

பேசின் பிரிட்ஜிலிருந்து கிழக்கே போனால் கடல் வரும். கடலோரம் சென்னைத் துறைமுகம்.

அந்தத் துறைமுக ஆபீசில் 1912-ம் ஆண்டு மார்ச் மாதம் ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். வயது 24. சம்பளம் மாதம் 30 ரூபாய். கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர்.

யார் அவர்?

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்!

கனவில் வந்த கணக்கு

ராமானுஜன் பெரிய பெரிய கணக்குகளுக்கு விடையை மட்டும் எழுதுவார். வழியை எழுத மாட்டார்.

"இது எப்படி வந்தது?" என்று நண்பர்கள் கேட்பார்கள்.

நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதாகக் கூறுவார். தாயார் அவர்களுடைய குலதெய்வம்.

1913 ஜனவரியில் அவர் இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அது போய்ச் சேர்ந்தது. ஹார்டி அசந்து போனார். இவர் மேதைதான் என்று கண்டுகொண்டார்.

ஆனால் ஹார்டிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நிரூபணம் வேண்டும் என்று பதில் எழுதினார்.

கடல் தாண்டலாமா?

ஹார்டி அவரைச் சீமைக்கு அழைத்தார். வைதிகக் குடும்பம். கடல் தாண்டுவது ஆசாரத்துக்கு விரோதம். தாயார் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை.

பிறகு அந்த அம்மாளின் கனவிலும் நாமகிரித் தாயார் தோன்றி, மகனைத் தடுக்காதே என்று சொன்னதாகக் கூறுவார்கள். 1914 மார்ச் 17-ந் தேதி ராமானுஜன் சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறினார்.

தடுத்ததும் நம்பிக்கை. வழி விட்டதும் நம்பிக்கை!

தவறிய கணக்கு

ராமானுஜன் எழுதிய எல்லாமே சரியாக இருந்ததா? இல்லை.

2, 3, 5, 7 போன்றவை பகா எண்கள். ஒன்றாலும் தம்மாலும் தவிர, வேறு எண்ணால் மீதியின்றி வகுபடாதவை. ஓர் எண்ணுக்குள் இவை எத்தனை உண்டு என்று கணக்கிட ராமானுஜன் ஒரு சூத்திரம் அனுப்பியிருந்தார். அவர் சொன்ன அளவுக்கு அது துல்லியமாக இல்லை. அறிவு சோதித்துப் பார்த்ததால்தான் அது தெரிந்தது.

ராமானுஜன் நிரூபணம் எழுதக் கற்றார். 1918-ல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அவரது பக்தி வெறும் ஆசாரம்தான் என்று ஹார்டி கருதினார். கூடப் பழகிய நம் ஊர் நண்பர்களோ, அது உள்ளத்தில் ஊறிய பக்தி என்றார்கள்.

82 ஆண்டுகள்!

இனி மறுபக்கத்தையும் பாருங்கள்.

1919-ல் ராமானுஜன் நோயோடு தாயகம் திரும்பினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில் 17 புதுக் கணக்குகள் இருந்தன. ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

அந்தக் கணக்குகளுக்கு அடியில் இருக்கும் விதி என்ன? படித்த மேதைகள் பலர் முயன்றார்கள். 2002-ம் ஆண்டில்தான் ஹாலந்து நாட்டு ஸ்வெகர்ஸ் அதைக் கண்டுபிடித்தார்.

ஒரு மனிதர் படுக்கையில் எழுதியதை அறிவு எட்டிப் பிடிக்க 82 ஆண்டுகள் ஆயின!

தராசும் தங்கமும்

தங்கத்தைத் தராசில் வைத்தால் எடை தெரியும். அது எந்தச் சுரங்கத்தில் கிடைத்தது என்று தராசு சொல்லாது. அதற்காக, எடை போடாமல் தங்கம் வாங்குவோமா?

அறிவு அந்தத் தராசு. ஒன்று சரியா, தப்பா என்று அது சொல்லும். அந்த எண்ணம் ஒரு மனிதரின் உள்ளத்தில் எங்கிருந்து உதித்தது என்று அதனால் சொல்ல முடியவில்லை. ராமானுஜன் அதைத் தாயாரின் அருள் என்றார். அது அவருக்குத் துணிவைத் தந்தது. ஆனால் அருள் என்று சொன்னதால் மட்டும் ஒரு கணக்கும் சரியாகிவிடவில்லை.

1993-ல் ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. அவர் வேலை பார்த்த துறைமுகத்துக்குப் பக்கத்திலேதான்.

பரீட்சைக்குப் போகும் பிள்ளை சாமி கும்பிட்டுவிட்டுப் போகட்டும். விடைத்தாளைக் கொடுக்கும் முன், கணக்கை இன்னொரு தடவை சரிபார்க்கவும் செய்யட்டும்!