நெடுஞ்சாலையை மறித்த பொந்து வண்டு

எங்கள் ஊர்களில் உக்கிய தென்னங்குற்றியைக் கண்டால் கொளுத்திவிடச் சொல்வார்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். வளர்ந்ததும் பறந்துபோய் நிற்கிற தென்னையின் குருத்தைத் துளைக்கும். அதனால் உக்கல் மரத்து வண்டு என்றாலே எமக்குப் பீடைதான். பிரான்ஸில் அப்படியொரு வண்டுக்காக நெடுஞ்சாலை வேலை பல ஆண்டுகள் நின்றது என்று வாசித்தபோது நானும் முதலில் நம்பவில்லை.

ஒஸ்மொடெர்மா எரெமிட்டா என்பது அதன் அறிவியல் பெயர். எரெமிட்டா என்றால் துறவி. கறுப்புக் கலந்த மண்ணிறம், நீளம் 3 சென்ரிமீற்றர் அளவு. ஆண் வண்டு பழுத்த பீச் பழம்போல மணக்கும். பெண்ணை அழைக்கும் வாசனை அது.

விழுந்து கிடக்கும் மரம் இதற்கு உதவாது. உயிரோடு நிற்கும் முதிய மரத்தின் பொந்து வேண்டும், பெரும்பாலும் ஓக். பூஞ்சணம் உள்மரத்தை உக்கவைக்க, பொந்தின் அடியில் தூள் சேரும். புழு அதைத் தின்றுகொண்டு மூன்று ஆண்டுகள் வரை உள்ளேயே கிடக்கும். வண்டாகிய பின் வாழ்வது சில வாரங்களே. ஓக்கில் இப்படியொரு பொந்து உருவாக 150, 200 ஆண்டுகள் எடுக்கும்.

சுவீடனில் வண்டுகளுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தார்கள். ஏறத்தாழ 100இல் 85 வண்டுகள் தாம் பிறந்த மரத்தைவிட்டுப் போவதேயில்லை என்று தெரியவந்தது. போனவையும் பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்தான். சிக்கலே இங்குதான். மரத்தைத் தறித்துவிட்டு, அவை வேறிடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொரு பொந்து மரம் இல்லையென்றால் அந்தக் கூட்டம் அத்தோடு சரி. கன்று நட்டு ஈடுசெய்வதென்றால் ஒன்றரை நூற்றாண்டாவது காத்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவின் 1992ஆம் ஆண்டு வாழிடப் பாதுகாப்புச் சட்டம் இதை முன்னுரிமை இனமாகப் பட்டியலிட்டது. லு மானுக்கும் தூருக்கும் இடையிலான ஏ28 பாதையின் தடத்தில் 1990களில் இந்த வண்டு இருப்பது தெரியவர, வேலை முடங்கியது. ஒரு பூச்சிக்காகவா என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்த மரங்களை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப்போகச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பாதை முழுமையாகத் திறந்தது 2005 டிசெம்பரில்.

அந்தப் பொந்துகள் இயற்கை மட்டும் தந்தவையும் அல்ல. மேற்குப் பிரான்ஸில் விவசாயிகள் விறகுக்காக வேலி மரங்களின் தலையைத் திரும்பத் திரும்பத் தறித்தார்கள். வெட்டுவாயில் நீர் இறங்கி, உக்கி, பொந்து விழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயல்களைப் பெருப்பிக்க வேலிகளைப் பிடுங்கியபோது, இந்த மரங்களில் பெரும்பகுதி போய்விட்டது.