டயருக்குள் இருக்கும் நூல்

பழைய லாரி டயர் ஒன்றை அறுத்துப் பார்த்தால், ரப்பருக்கு நடுவே அடுக்கடுக்காக நூல் தெரியும். பெரும்பாலும் அது நைலான். டயரின் வடிவம் குலையாமல் பாரம் தாங்குவது அதுதான். ‘டயர் கார்டு’ எனப்படும் இந்தத் துணியை எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் 1970-களிலேயே மணலியில் தயாரிக்கத் தொடங்கியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் அந்நிறுவனத்துக்கு ஆலை உண்டு. ஓடித் தேய்ந்த டயர்கள் வந்து சேர்வதும் இதே கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்குத்தான்.

நைலான்-6 இழையின் மூலப்பொருள் கேப்ரோலாக்டம். கொச்சிக்கு அருகே ஃபாக்ட், வதோதராவில் ஜி.எஸ்.எஃப்.சி. ஆகிய நிறுவனங்கள் இதற்கு ஆலை அமைத்தன. பென்சீனிலிருந்து பல படிகளில் இது உருவாகிறது. இடையே அமோனியாவை ஆக்சிஜனேற்றும்போது நைட்ரஸ் ஆக்சைடு பிறக்கிறது. எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது.

கேப்ரோலாக்டத்தைப் பாலிமராக்கி, உருக்கி, நுண்துளைகள் வழியே இழையாக இழுக்கிறார்கள். முறுக்கேற்றிய நூல் பாவாகிறது; ஊடை நூல் பாவைக் கலையாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. நெய்த துணியை ரிசார்சினால், ஃபார்மால்டிஹைடு, லேடக்ஸ் கலந்த கரைசலில் முக்கிச் சூளையில் காய்ச்சுகிறார்கள். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் நைலானில் ரப்பர் ஒட்டாது. டயர் நெடுநாள் உழைப்பதும், பிறகு நூலைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாவதும் இந்த ஒட்டுதலால்தான்.

வேதியியல்படி நைலான்-6 மீட்கத்தக்க பொருள். சூடாக்கிச் சிதைத்தால் மறுபடி கேப்ரோலாக்டமே கிடைக்கும். ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் 2011 முதல் பழைய மீன்வலைகளும் தரைவிரிப்புகளும் இப்படி மீட்கப்படுகின்றன. ஆலையில் மிஞ்சும் பூச்சில்லாத நூல் கழிவையும் எளிதில் மீட்கலாம். ரப்பரும் கந்தகமும் ஒட்டிய டயர் நூலுக்கு அந்த வாய்ப்பு அரிது.

கும்மிடிப்பூண்டிப் பகுதியின் பைராலிசிஸ் ஆலைகளுக்குப் போகும் டயர், காற்றுப் புகாத இரும்பு உருளைக்குள் 400 டிகிரி செல்சியஸ் அளவில் வேகிறது. எண்ணெயும் கரித்தூளும் எஃகுக் கம்பியும் கிடைக்கின்றன. நைலான் எண்ணெயாகவும் வாயுவாகவும் சிதைந்துபோகிறது. அதிலிருந்த நைட்ரஜனில் ஒரு பகுதி எண்ணெயில் தங்கி, அந்த எண்ணெய் உலைகளில் எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. உருளையை ஆறவிடாமல் அவசரமாகத் திறந்தால் கரித்தூள் பறக்கும். அதைச் சுவாசிப்பவர்கள் கூலித் தொழிலாளர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும். நாடெங்கும் உரிமம் பெற்ற 637 ஆலைகளில் 270 விதிகளைக் கடைப்பிடிக்கவில்லை என்று 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்த விவரம் தெரிவித்தது.

டயரை அரைத்து ரப்பர் தூளாக்கும் ஆலைகளில் நூல் பஞ்சாகப் பிரிந்து வரும். ரப்பர் துகள் ஒட்டிய அந்தப் பஞ்சு எளிதில் தீப்பற்றும். வாங்க ஆளும் குறைவு. 2022 ஜூலையில் வெளியான பழைய டயர் விதிகள், பைராலிசிஸுக்காகப் பழைய டயரை இறக்குமதி செய்வதைத் தடுத்தன. நல்ல முடிவு. ஆனால் டயர் தயாரிப்பாளர்கள் வாங்க வேண்டிய மறுசுழற்சிச் சான்றிதழுக்குரிய பொருள்களாக அவை குறிப்பிடுபவை மீட்ட ரப்பர், ரப்பர் தூள், ரப்பர் கலந்த தார், கார்பன் பிளாக், பைராலிசிஸ் எண்ணெய் போன்றவையே. நூலுக்கு இடமில்லை. நூலுக்கும் சான்றிதழ் மதிப்பு கிடைத்தால்தான் அதைப் பிரித்தெடுக்க எவரும் முன்வருவார்கள்.

லாரிகளுக்கு இப்போது எஃகு ரேடியல் டயர்கள் பெருகிவருகின்றன; அவற்றைத் தயாரிக்கும் மிஷலின் நிறுவனத்தின் ஆலை கும்மிடிப்பூண்டிக்கு அருகே தேர்வாய்க் கண்டிகையில் உள்ளது. எஃகைக் காந்தத்தால் பிரித்துவிடலாம். இருசக்கர வாகனம், டிராக்டர் டயர்களில் நைலான் தொடர்கிறது.