ஊரார் அடுப்பு – 17: நொய் கேட்கும் தெரு

நியூயார்க்கின் ஹார்லெமில், 116-ஆம் தெருவில் செனகல் சாப்பாடு சாப்பிட நினைப்பவர்கள் பகலிலேயே போய்விடுவது நல்லது. மெனு அட்டையில் எல்லாம் அச்சாகியிருக்கும். அதை நம்பி இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து மீன் சோறு கேட்டால், பரிமாறும் அம்மாள் நம்மைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார். ‘செபு ஜென்’ என்கிற அந்த மீன் சோறு மத்தியானத்துக்கு உரியது. பொழுது சாய்ந்தால் அடுப்பு மாறிவிடும்: கனலில் வாட்டிய ஆட்டுக்கறி, அதன்மேல் அள்ளிப் போட்ட வெங்காயம், தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது. டாக்கர் நகரத்தில் எப்படியோ அப்படியேதான் இங்கும். பிழைக்க வந்த ஊருக்காகச் சாப்பாட்டு வேளையை மாற்றிக்கொள்ளாத கடைகள்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

கிழக்கே லெனாக்ஸ் அவென்யூ, மேற்கே ஃப்ரெடெரிக் டக்ளஸ் பூலவாட். இரண்டிலும் சுரங்க ரயில் நிறுத்தம் இருக்கிறது. நடுவில் இருக்கும் இந்தச் சிறு தூரத்தைத்தான் ‘குட்டி செனகல்’ என்கிறார்கள். 1980-களில் வந்தவர்களில் பலர் மன்ஹாட்டன் நடைபாதைகளில் குடையும் கைக்கடிகாரமும் விற்றவர்கள். 1994 அக்டோபரில் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் 125-ஆம் தெரு நடைபாதைக் கடைகளை அகற்றியது. அப்போது மாற்றாகக் காட்டப்பட்ட சந்தை இந்த 116-ஆம் தெருவில்தான் இருந்தது. வியாபாரிகளைச் சுற்றித் தலைமுடி பின்னும் சலூன்களும் துணிக்கடைகளும் சாப்பாட்டுக்கடைகளும் தங்கின. இப்போது வாடகை ஏறி, கடைகள் ஒவ்வொன்றாகப் பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரே படம் இருக்கும். வெள்ளை அங்கி, முகத்தில் பாதியை மறைத்த துணி, நிழல் விழுந்த கண்கள். முரீது சூஃபி மரபைத் தோற்றுவித்த ஷேக் அகமது பம்பா. பிரெஞ்சு ஆட்சி 1895-இல் அவரைக் காபோன் நாட்டுக்கு நாடு கடத்தியது. 1913-இல் எடுத்த இந்த ஒற்றைப் புகைப்படத்திலிருந்துதான் இத்தனை காலண்டர்களும் வந்தன.

சாப்பாட்டுக்கு வருவோம். மீனின் சதையைக் கீறி, பார்ஸ்லி தழையும் பூண்டும் மிளகாயும் சேர்த்து இடித்த விழுதை உள்ளே திணிக்கிறார்கள். அதைக் கடலை எண்ணெயில் பொரித்து எடுத்து, அதே எண்ணெயில் வெங்காயத்தையும் தக்காளி விழுதையும் நிறம் கறுக்கும்வரை சுருள வதக்குகிறார்கள். இந்த இடத்தில் அவசரப்பட்ட சமையல் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பிறகு தண்ணீர். அதில் மரவள்ளி, கேரட், முட்டைக்கோஸ், கத்தரி எல்லாம் பெரிய பெரிய துண்டங்களாக, கூடவே கருவாடும் புளிக்கவைத்து உலர்த்திய கடல் நத்தையும் வேகும். நெத்திலிக் கருவாடு வறுத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை நெருக்கமானது. மற்றவர்கள் வாசலிலேயே முடிவெடுத்துக்கொள்ளலாம். காய்கள் வெந்ததும் வெளியே எடுத்துவிட்டு, அந்தச் சாற்றில் அரிசியைப் போடுகிறார்கள். முன்பே பானையின் மேல் துளைப்பாத்திரத்தில் வைத்து ஆவி காட்டிய அரிசி. தட்டில் அது செங்கல் நிறத்தில் வருகிறது. மேலே மீனும் காய்களும், ஓரத்தில் எலுமிச்சைத் துண்டும் அடிச்சட்டியில் சுரண்டிய காந்தலும் இருக்கும். காந்தலை வைக்க மறந்திருந்தால் கூச்சப்படாமல் கேட்டு வாங்க வேண்டும். கேட்கிற வாடிக்கையாளரை அங்கே மதிப்பார்கள்.

அந்த அரிசி முழு அரிசி அல்ல, நொய். நம் வீடுகளில் நொய் கஞ்சிக்கும் கோழிக்கும்தான். ரேஷன் அரிசியில் நொய் கூடினால் முணுமுணுப்போம். செனகலிலோ முழு அரிசியில் செபு ஜென் செய்தால்தான் முகம் சுளிப்பார்கள். உடைந்த மணி சாற்றை நன்றாக இழுத்துக்கொள்ளும் என்பது சமையல்காரர்களின் விளக்கம். சாப்பிட்டுப் பார்த்தால் மறுக்க முடியாது. ஆனால் இந்த ருசி பழகியதன் பின்னால் காலனி ஆட்சியின் வரவுசெலவுக் கணக்கு இருக்கிறது. மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் நிலக்கடலை தேவைப்பட்டது. செனகல் விவசாயிகளின் கம்பும் சோளமும் விளைந்த நிலத்தில் கடலை ஏறியது. சாப்பாட்டுக்கு? பிரான்ஸின் இன்னொரு காலனியான இந்தோசீனாவின் அரைவை ஆலைகளில் மிஞ்சிய நொய்யைக் கப்பலேற்றினார்கள். இத்தனைக்கும் நைஜர் ஆற்றுப் படுகையில் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளாகத் தனக்கென ஒரு நெல் இனத்தையே பயிரிட்டு வந்த நிலப்பரப்பு மேற்கு ஆப்பிரிக்கா. 1960-இல் விடுதலை கிடைத்தது. நாக்கு நொய்யிலேயே நின்றுவிட்டது. தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான், இந்தியா என்று விற்பவர்கள்தான் மாறினார்கள். 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடை செய்தபோது, நமக்கு அது தீவனச் செய்தி. செனகலுக்கு அது மதியச் சாப்பாட்டுச் செய்தி.

நம் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நொய்க்கும் முன்பே சரக்கு போயிருக்கிறது. புதுச்சேரியில் அவுரிச் சாயம் ஏற்றிய நீலத்துணி ‘கினே’ என்ற பெயரில் செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே வேல மரத்துப் பிசின் விற்றவர்கள் அந்தத் துணியைக் காசு போலவே வாங்கிக்கொண்டார்கள். ஐரோப்பிய ஆலைகளின் நகல் துணி அவர்களிடம் எடுபடவில்லை. அந்த வணிகத்தின் வாசலாக இருந்த செயின்ட் லூயி நகரத்தில்தான், பெண்டா ம்பாய் என்ற சமையல்காரம்மா செபு ஜென்னைக் கண்டுபிடித்தார் என்று செனகல்காரர்கள் சொல்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஹார்லெம் கடைகளில் தனித்தனித் தட்டுதான், கரண்டியும் உண்டு. செனகல் வீடுகளில் ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். அவரவர் முன்னால் இருக்கும் பங்கை மட்டும் தொடலாம். எதிர்ப்பக்கத்து மீனுக்குக் கை நீளக்கூடாது. வீட்டம்மாள் மீனைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவார். எச்சில் பார்க்கிறவர்களுக்கு இது சங்கடம். காயல்பட்டினத்துக் கல்யாணங்களில் சஹன் என்ற பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

குடிக்க பிஸ்ஸாப் கேட்கலாம். நம் புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லி இதழைக் காய்ச்சிய பானம். சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள் என்பது என் புகார். அதைவிட ‘பூய்’ நல்லது. மன்னாரில் நிற்கும் பெருக்கமரத்தின் காய்க்குள் இருக்கும் வெண்மாவைக் கரைத்தது. கெட்டியாக, இளம்புளிப்பாக இருக்கும். கடைசியில் தூபா காப்பி. ஆப்பிரிக்க மிளகு ஒன்றை வறுத்துச் சேர்த்துப் பொடித்தது. சுக்குக் காப்பிக்குப் பங்காளி.

பக்கத்து மேசை டாக்ஸி ஓட்டுநரிடம் நைஜீரியாவின் ஜொலோஃப் சோறு இதைவிட நன்றாக இருக்குமாமே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வோலோஃப் மக்களின் ஜொலோஃப் அரசின் பெயரையும் எங்கள் சோற்றையும் எடுத்துக்கொண்டு நைஜீரியாவும் கானாவும் தமக்குள் சண்டை போடுகின்றன என்று ஆரம்பிப்பார். அவர் வண்டிக்குச் சவாரி வந்தாலும் பேச்சு முடியாது. அந்தச் சண்டையின் மறுபக்கத்தை, கானாக்காரர்கள் நிறைந்த பிராங்க்ஸ் பகுதிக்குப் போய் அடுத்த வாரம் கேட்கலாம்.

(தொடரும்)