பற்றரியின் நாடி பார்ப்போம்

சீனன்குடா என்றதும் எண்ணெய்த் தாங்கிகளே பலரின் நினைவில் எழும். ஆங்கிலேயர் ஆட்சியில் அமைக்கப்பட்டவற்றுள் இன்று எஞ்சி நிற்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளும். ஆயினும், எண்ணெய் எவ்வளவு இருந்தென்ன? இயந்திரத்தை முதன்முதல் சுழலச் செய்வது பற்றரியன்றோ! அது சோர்ந்துவிட்டால் லொறியும் முச்சக்கர வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும்; அவற்றை நம்பிய குடும்பத்தின் அன்றைய வருவாயும் நின்றுவிடும்.

2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் இலங்கையை வாட்டியபோது, எத்தனையோ வண்டிகள் ஓட வழியின்றி வீட்டு வாசலில் நின்றன. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்று சிலர் எண்ணுவர். பற்றரியைப் பொறுத்தவரை இது பெருந்தவறு. உழைத்துத் தேய்வதைக் காட்டிலும், கவனிப்பாரற்றுக் கிடந்து கெடுவதே அதற்கு எளிது.

காரணத்தைப் பார்ப்போம். பிரெஞ்சு அறிஞர் பிளாந்தே 1859இல் கண்ட முறையே இன்றும் அடிப்படை: ஈயத் தகடுகள், அவற்றைச் சூழ்ந்து நீர் கலந்த சல்பூரிக் அமிலம். மின்சாரம் செலவாகுந்தோறும் அமிலத்தின் கந்தகக் கூறு தகடுகளில் ஈய சல்பேற்றாகப் படிகிறது. மின்னேற்றும்போது மீண்டும் அமிலத்திற் சேர்கிறது. மின்னிறங்கிய நிலையில் நெடுநாள் விட்டால், அப்படிவு இறுகிப் பளிங்காகிவிடும். பின்னர் அதைக் கரைப்பது அரிது. திருகோணமலையின் கடும் வெயில் இக்கேட்டை விரைவுபடுத்தும்.

ஆகவே, மாதம் ஒருமுறை நாடி பார்த்தல் நன்று. மூடி திறக்கும் வகையாயின் நீரமானி ஒன்று போதும். அமிலம் நீரைப்போல எத்தனை மடங்கு கனமானது என்பதை அது காட்டும். 1.26 முதல் 1.28 வரை காட்டினால் நிறைவு, 1.19 அளவெனில் பாதி. ஆறு அறைகளுள் ஒன்று மட்டும் மற்றவற்றிலும் 0.05 குறைந்தால் அவ்வறை பழுதுபட்டதென ஐயுறலாம். மூடி திறவாத வகைக்கு வோல்ற்றுமானி உதவும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பற்றரி 12.6 வோல்ற்று காட்டினால் நலம், 12.2 எனில் பாதி. 12க்குக் கீழெனில் உடனே மின்னேற்றுக.

நீர் குறைந்து தகடுகள் வெளியே தெரியலாகாது. ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. கிணற்று நீரின் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். கடல்நீரோ இன்னும் கொடியது. இரண்டாம் உலகப் போரில் திருகோணமலையைத் தளமாகக் கொண்ட பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல்களை நீருக்கடியில் இயக்கியவையும் ஈய அமிலப் பற்றரிகளே. அவற்றுட் கடல்நீர் புகுந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும் என்பது மாலுமிகளின் பேரச்சம். வள்ளங்களிற் பற்றரி வைத்திருப்போர் இதனை மனத்திற் கொள்வாராக.

உப்புக் காற்றால் முனைகளிற் பூக்கும் பூஞ்சையொத்த படிவை, மூடிகளை நன்கு இறுக்கியபின் அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, சிறிது வாசலின் பூசலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் தொடுக. மின்னேற்றும்போது வெளிவரும் ஐதரசன் வாயு சிறு பொறியிலும் வெடிக்கும். அருகில் சுருட்டோ விளக்கோ வேண்டா. அமிலம் கண்ணிற் பட்டால் கால் மணி நேரமாவது நீரால் கழுவி, உடனே வைத்தியரை நாடுக.

இறந்த பற்றரியை வீட்டு முற்றத்தில் உடைத்து ஈயம் எடுப்பது பெருந்தீங்கு. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழையதை உரிய முறையில் சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறை.

மாதத்திற் கால் மணி நேரக் கவனம். அதற்கு ஈடாக, விடியற்காலையில் திறப்பைத் திருப்பியதும் உறுமி எழும் வண்டி. இதனினும் மலிவான காப்புறுதி வேறேது?