சங்குமுகத்துக் கடற்கன்னி: பொது இடத்தில் கலை

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சங்குமுகம் கடற்கரை புதிதல்ல. ஐப்பசியிலும் பங்குனியிலும் ஸ்ரீ பத்மநாப சுவாமி ஆராட்டுக்கு எழுந்தருளும் இடம் அது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் கோயில், மியூசியம் எல்லாம் முடித்து, மாலையில் அங்குதான் அழைத்துச் செல்கிறோம். கடற்கரையில் சாய்ந்து படுத்திருக்கும் அந்தப் பெரிய கடற்கன்னியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் அபூர்வம். அதைச் செய்தவர் யார்? அவருக்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு? இதை நம்மில் பலர் கேட்டறிந்ததில்லை.

சென்னையில் பயின்றவர்

'சாகர கன்யகா' என்ற அந்தச் சிற்பத்தை உருவாக்கியவர் கானாயி குஞ்ஞிராமன். 1937-இல் இன்றைய காசர்கோடு மாவட்டத்தில் பிறந்தவர். ஓவியமும் சிற்பமும் கற்கச் சென்னை அரசு கலைப் பள்ளிக்கு வந்தார். மெரினாவில் நாம் காணும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி பல ஆண்டுகள் முதல்வராக இருந்த பள்ளி அது. அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் கானாயியின் ஆசிரியர். பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1966-இல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். அவருடைய ஓவியங்களுக்கென்றே நம் மியூசியம் வளாகத்தில் ஒரு காட்சிக்கூடம் அமைக்கப்பட்டது. கானாயி பின்னர் இலண்டன் ஸ்லேட் கலைப் பள்ளியிலும் பயின்றார். திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

கூடத்துக்கு வெளியே வந்த கலை

காட்சிக்கூடத்தில் உள்ள சிற்பத்தை விரும்பியவர்தான் போய்ப் பார்ப்பார். பொது இடத்துச் சிற்பத்தை மீன் விற்கப் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்பவர், பள்ளிப் பிள்ளைகள் என எல்லாரும் பார்ப்பார்கள். ஆகவே எல்லாருடைய அபிப்பிராயத்துக்கும் அது ஆளாகிறது. 1969-இல் பாலக்காடு அருகே மலம்புழை அணைப் பூங்காவில் கானாயி சுமார் 30 அடி உயர யட்சியை அமைத்தார். ஆடையற்ற பெண்ணுருவம் என்பதால் பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஆனால் சிற்பம் நிலைத்தது. இன்று மலம்புழை என்றாலே அணையோடு யட்சியும் நினைவுக்கு வருகிறாள். முதலில் முகம் சுளித்த ஊரே ஒரு கலைப்படைப்பைக் காலப்போக்கில் தன்னுடையதாக்கிக் கொள்ளும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சங்குமுகத்துக் கன்னி 1990-களின் தொடக்கத்தில் உருவானவள். நீளம் ஏறக்குறைய 87 அடி. வேறெங்கோ செய்து கொண்டுவந்து நிறுத்தியதல்ல. அந்த இடத்திலேயே கான்கிரீட்டால் எழுப்பப்பட்டது. பின்னாலுள்ள கடலும் வானும், சுற்றியுள்ள வெட்டவெளியும் சேர்ந்தால்தான் அந்தப் படைப்பு முழுமை பெறும். வேளி சுற்றுலாக் கிராமத்தில் அவர் அமைத்த சங்கும் அப்படியே. சுற்றுப்புறமும் சிற்பத்தின் ஒரு பகுதி என்பதே அவர் வழி.

யாருக்குச் சொந்தம்?

இந்த இடத்தில்தான் பிரச்சினை எழுந்தது. 2020-இல், பணியிலிருந்து நீக்கப்பட்ட விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்றைக் கடற்கன்னியின் அருகே காட்சிக்கு வைத்தார்கள். பயணிகளைக் கவர இன்னொரு பொருள் என்பது வைத்தவர்கள் எண்ணம். பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சியும் தந்திருக்கலாம். சிற்பிக்கோ தன் படைப்பே சிதைக்கப்பட்டதாகத் தோன்றியது. 'சிலையை யாரும் தொடவில்லையே' என்று நாம் கேட்கலாம். வீட்டுக் கோலத்தின் நடுவே ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், கோட்டை அழிக்கவில்லை என்பது சமாதானமாகுமா?

மாநில அரசு தமக்கு அறிவித்த 'கேரள ஸ்ரீ' விருதை 2023 ஜனவரியில் கானாயி ஏற்க மறுத்தார். சங்குமுகம், வேளி, கண்ணூர் பய்யாம்பலம் ஆகிய இடங்களிலுள்ள தம் படைப்புகள் சீர்குலைந்து கிடக்கின்றன, அவற்றைக் காப்பாற்றாமல் தமக்கு விருது எதற்கு என்பதே அவர் வாதம். தனக்கு மரியாதை வேண்டாம், தன் வேலைக்கு மரியாதை கொடுங்கள் என்று கேட்ட கலைஞர் அவர்.

பராமரிப்பு என்பது சிறு விஷயமல்ல. கடற்காற்றின் உப்பு, விரிசல்கள் வழியே கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து, மேலுள்ள சிமெண்டைப் பிளக்கும். நம் வீட்டு மொட்டை மாடியிலும் இதைப் பார்க்கிறோம். சிறு விரிசலிலேயே அடைத்தால் செலவு குறைவு. விட்டுவிட்டால் உறுப்பே உதிரும். சங்குமுகத்துக்குக் கடலரிப்பும் ஒரு தொல்லை. சிலை திறப்பு விழாவுக்குப் பந்தல் போடும் நாம், அதன் பிந்தைய ஆண்டுகளுக்குப் பணம் ஒதுக்குவதில்லை.

நகரின் சாலையோரச் சுவர்களில் ஓவியர்கள் தீட்டிய 'ஆர்ட்டீரியா' சித்திரங்களுக்கும் இது பொருந்தும். சுவரொட்டிகள் மறைத்திருந்த சுவர்களுக்கு அவை புது முகம் தந்தன. வெயிலும் மழையும் வண்ணத்தை மங்கச் செய்வது இயற்கை. அதன்மேல் மீண்டும் சுவரொட்டி ஒட்டுவது நம் செயல்.

நாம் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள், இதெல்லாம் நம் காரியமா என்று ஒதுங்க வேண்டாம். பொதுக்கலை அந்தப் பொது இடத்தில் நடமாடும் எல்லாருக்கும் உரியது. அடுத்தமுறை சங்குமுகம் செல்லும்போது செய்தவரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சிலையின்மேல் ஏறவோ பெயர் கீறவோ விடாதீர்கள். விரிசலோ உடைசலோ கண்ணில் பட்டால் மாநகராட்சிக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். சங்கத்தின் பெயரில் பலர் கையெழுத்திட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.