தொகை சரி, பெயர்தான் வேறு

அமெரிக்காவில் வீடு விற்ற பணம் தபாலில் களவு போகிறது. திருடன் அழிப்பது ஒரே ஒரு வரியைத்தான்.

கையெழுத்துகள் போட்டாயிற்று. சாவியும் கைமாறிவிட்டது. பாக்கி இருப்பது இரண்டு காசோலைகள் மட்டுமே: விற்றவரின் பழைய வீட்டுக் கடனை அடைக்க ஒன்று, மீதித் தொகையை அவருக்கே கொடுக்க இன்னொன்று. இரண்டும் தபாலில் கிளம்புகின்றன. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் வீடு வாங்குபவர் பணத்தை நேராக விற்பவர் கையில் கொடுப்பதில்லை. அவருடைய பணமும், அவருக்குக் கடன் தரும் வங்கியின் பணமும் முதலில் ஓர் இடையாளின் எஸ்க்ரோ கணக்குக்குப் போகின்றன. சில மாநிலங்களில் அவர் வழக்கறிஞர். மற்ற இடங்களில் டைட்டில் கம்பெனி. பழைய கடன், தரகர் கமிஷன், வரி என்று பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. ஒரு காசோலையிலேயே சில லட்சம் டாலர் இருப்பது சகஜம்.

தெருவோர நீல நிறத் தபால் பெட்டிகளைத் திறக்க அஞ்சல் ஊழியர்களிடம் 'ஏரோ கீ' என்ற சாவி இருக்கிறது. ஒரே சாவி ஒரு வட்டாரத்தின் பல பெட்டிகளைத் திறக்கும். அதனால்தான் அதற்கு இவ்வளவு கிராக்கி. 2022 நிதியாண்டில் 412 தபால்காரர்கள் பணியில் இருக்கும்போதே கொள்ளையடிக்கப்பட்டனர். காசோலை மோசடி குறித்து வங்கிகள் அரசுக்கு அனுப்பிய சந்தேக அறிக்கைகள் 2021-இல் மூன்றரை லட்சத்துக்கு மேல், 2022-இல் 6.8 லட்சத்தைத் தாண்டின.

திருடிய காசோலையில் மையை ரசாயனத்தால் கழுவிப் புதிதாக எழுதுகிறார்கள். சாதாரணக் காசோலை என்றால் தொகையையும் ஏற்ற வேண்டும். வீட்டுக் காசோலையில் அந்தச் சிரமம் இல்லை. தொகை ஏற்கெனவே பெரியது. பெயரை மாற்றினால் போதும்.

விளைவு விபரீதமானது. பழைய கடன் அடைபடாமல் கிடக்கிறது; தினமும் வட்டி ஏறுகிறது. புதிதாகக் குடிவந்தவரின் வீட்டின் மீது முந்தைய உரிமையாளரின் அடமானம் தொடர்கிறது. பெயரைத் திருத்திய காசோலைக்குப் பணம் கொடுத்த வங்கி பொதுவாக அதை ஈடுகட்ட வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் கணக்குக்காரர் தாமதமின்றிப் புகார் செய்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது காலம் கடந்த விழிப்பு. எஸ்க்ரோ கணக்கில் வரவு செலவைத் தினமும் சரிபார்க்கச் சொல்கிறது அமெரிக்க டைட்டில் நிறுவனங்களின் சங்கம்.

'பாசிட்டிவ் பே' என்ற காவலும் உண்டு. கொடுத்த காசோலைகளின் பட்டியலை வங்கிக்கு முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். பொருந்தாதது வந்தால் வங்கி நிறுத்திக் கேட்கும். ஆனால் எண்ணையும் தொகையையும் மட்டும் ஒப்பிடும் ஏற்பாட்டில், பெயர் மாற்றிய காசோலை தடையின்றித் தப்பிவிடும். பெறுபவர் பெயரையும் ஒப்பிடும் வசதியைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

இதைவிடச் சுலபம், காசோலையைத் தபாலில் போடாமலிருப்பது. கையெழுத்திடும் மேஜையிலேயே கொடுத்துவிடலாம். அல்லது பெறுபவர் கையெழுத்து வாங்கும் கூரியரில் அனுப்பலாம். வங்கிக்கு வங்கி நேரடிப் பணமாற்றம் இன்னும் வேகமானது. ஆனால் அங்கே வேறு திருடன் காத்திருக்கிறான்: 'கணக்கு எண் மாறிவிட்டது' என்று போலி மின்னஞ்சல் அனுப்புபவன். வர்த்தக மின்னஞ்சல் மோசடிகளில் 2023-இல் பறிபோனதாக எஃப்.பி.ஐ.க்கு வந்த புகார்களின் தொகை 290 கோடி டாலருக்கு மேல். எனவே மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, முன்பே தெரிந்த எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். பணம் போன பிறகும், கடன் கணக்கு முடிந்ததா என்று ஒருமுறை விசாரிப்பது நல்லது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி 1 முதல் ரூ. 50,000-க்கும் அதற்கு மேற்பட்ட காசோலைகளுக்கும் பாசிட்டிவ் பே வசதியைக் கொண்டுவந்தது. இதில் தேதி, தொகையோடு பெறுபவர் பெயரும் சரிபார்க்கப்படுகிறது. ஒரே நிபந்தனை: விவரத்தைக் கணக்குக்காரர் முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாதவருக்குக் காவலும் இல்லை.